செயற்கைக் கால், கை மாட்டினவங்க மனசை எப்படி பாத்துக்கறது: படிப்படியா ஒரு முழு வழிகாட்டி

கால் எடுத்தவங்களுக்கு ஆஸ்பத்திரில ஒரு கணக்கு இருக்கு. புண் ஆறணும், வீக்கம் வடியணும், அளவெடுக்கணும், கால் மாட்டணும், பேரலல் பாருக்குள்ள (ரெண்டு பக்கமும் பிடிச்சு நடந்து பழகற கம்பி) நாலு தடவை போயிட்டு வரணும், ஃபைல் மூடியாச்சு. வீட்லயும் அதே கணக்கு தான். "அதான் கால் வந்துருச்சே, இன்னும் ஏன் மூஞ்ச தூக்கி வச்சிருக்க"ன்னு கேப்பாங்க. கேக்கறவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், ஏன்னா மனசுக்குன்னு தனியா ஒரு கால அட்டவணை ஓடுதுன்னு அவங்களுக்கும் யாரும் சொல்லல, நமக்கும் சொல்லல. ஸ்டம்புக்கு (எடுத்தது போக மிச்சம் இருக்கற கால், கை பாகத்துக்கு) எப்படி கட்டு கட்டணும்னு ஃபிசியோ சொல்லித் தராங்கல்ல, மனசுக்கும் அதே மாதிரி வரிசையா செய்ய வேண்டிய வேலை இருக்கு, அதுல பாதிக்கு மேல கையால செய்யற வேலை தான், தத்துவம் எல்லாம் இல்ல.

நான் இடது கால்ல முழங்காலுக்கு கீழ எடுத்தவன், பைக் ஆக்ஸிடென்ட். டாக்டர் இல்ல. லிம்ப் சென்டர் (செயற்கைக் கால், கை செஞ்சு மாட்டற இடம்) பெஞ்சுல பக்கத்துல உக்காந்தவங்க கிட்ட கேட்டது, ஃபிசியோவும் மனநல டாக்டரும் சொன்னது, நானா தேடிப் படிச்சது எல்லாம் சேர்த்து தான் இத எழுதறேன். மருந்து விஷயத்துல உங்க டாக்டர் சொல்றது தான் கடைசி வார்த்தை.

படி 1: ஆபரேஷனுக்கு முன்னாடி டைம் கிடைச்சா

ஆக்ஸிடென்ட் ஆனவங்களுக்கு இந்த டைம் கிடைக்காது, கண்ண முழிக்கும்போதே எல்லாம் முடிஞ்சிருக்கும். ஆனா சர்க்கரைப் புண்ணு, ரத்த ஓட்டம் அடைச்சது, கட்டின்னு வர்றவங்களுக்கு ரெண்டு நாளோ ரெண்டு வாரமோ இருக்கும். அத அழுதே கழிக்காம மூணு வேலை பண்ணுங்க. ஒண்ணு, எந்த இடத்துல எடுக்கப் போறாங்க, ஏன் அங்கன்னு டாக்டர் கிட்ட நேரா கேளுங்க, முழங்காலக் காப்பாத்த முடியுமா முடியாதாங்கறது தான் பிற்பாடு நடக்கறதுல பெரிய வித்தியாசம் பண்ணும். முடியாதுன்னா ஏன்னு இப்பவே கேட்டு வச்சுக்கிட்டா பிற்பாடு ராத்திரி மூணு மணிக்கு "இன்னும் கொஞ்சம் கீழ எடுத்திருக்கலாமோ"ன்னு மனசு அரிக்கறது குறையும். ரெண்டு, ஏற்கனவே கால் மாட்டி நடக்கற ஒருத்தர பாத்துப் பேசுங்க, வார்டு சிஸ்டர் கிட்டயோ ஃபிசியோ டிபார்ட்மென்ட்லயோ கேட்டா ஆள் காட்டுவாங்க. வேட்டிய தூக்கி ஒருத்தர் தன் கால காட்டறத நேர்ல பாக்கறது பத்து வீடியோ பாக்கறதுக்கு மேல.

மூணாவது விஷயத்த யாரும் பேச மாட்டாங்க. எடுத்த கால என்ன பண்ணுவாங்கன்னு. சில குடும்பங்கள் கேட்டு வாங்கி அடக்கம் பண்றாங்க, சில பேர் ஆஸ்பத்திரி கிட்டயே விட்டுடறாங்க. எது உங்களுக்கு சரின்னு படுதோ அத முன்கூட்டியே டாக்டர் கிட்ட சொல்லிடுங்க. "நம்ம கால் குப்பைல போயிருக்கும்"ங்கற நினைப்புலயே வருஷக்கணக்கா உழண்டுகிட்டு இருக்கவங்கள பாத்திருக்கேன், அது அசட்டுத்தனம் எல்லாம் கிடையாது, உடம்புல ஒரு பாகம் போனது சாவு மாதிரி தான், அதுக்கும் ஒரு காரியம் வேணும்னு மனசு கேக்குது.

படி 2: இல்லாத கால் வலிக்கும், அது பைத்தியம் இல்ல

கால் எடுத்த முதல் வாரத்துலயே கட்டை விரல் அரிக்கும், பாதம் முறுக்கற மாதிரி இருக்கும், ஷாக் அடிக்கற மாதிரி ஒரு வலி வரும். குனிஞ்சு பாத்தா அங்க கால் இல்ல. நிறைய பேர் இத வெளிய சொல்றதே இல்ல, மூளை குழம்பிடுச்சுன்னு நினைச்சிருவாங்களோன்னு பயம். எங்க பெஞ்சுல ஒரு பெரியவர் செத்த கால் ஆவியா வந்து வலிக்குதுன்னு மந்திரிச்சு கயிறு கட்டிட்டு வந்தார். இது ஃபேன்டம் வலி, கால் கை எடுத்தவங்கள்ல பாதிக்கு மேல இருக்கவங்களுக்கு ஏதோ ஒரு அளவுல வரும். 16ஆம் நூற்றாண்டுலயே பிரெஞ்சு ராணுவ சர்ஜன் ஆம்புரோஸ் பாரே இத எழுதி வச்சிருக்கார், அமெரிக்க உள்நாட்டுப் போர்ல கால் இழந்த சிப்பாய்கள பாத்த சைலஸ் வெயர் மிட்செல் தான் 1871ல இதுக்கு ஃபேன்டம்னு பேரே வச்சார். மூளைல உடம்போட வரைபடம் ஒண்ணு இருக்கு, கால் போனாலும் அந்த வரைபடத்துல காலோட இடம் அப்படியே இருக்கு, அறுபட்ட நரம்புலேர்ந்தும் தாறுமாறா சிக்னல் போய்க்கிட்டே இருக்கு, அதான் சங்கதி.

முதல்ல மூணையும் பிரிச்சுப் பாருங்க. இல்லாத கால் "இருக்கற மாதிரி" தோணறது ஒண்ணு, அதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். இல்லாத கால் வலிக்கறது ரெண்டாவது. ஸ்டம்பே வலிக்கறது மூணாவது, அதுக்கு காரணம் புண்ணா இருக்கலாம், நரம்பு நுனில கட்டி மாதிரி ஆனதா இருக்கலாம், சாக்கெட் (செயற்கைக் கால்ல ஸ்டம்ப் உள்ள போற கூடு) உரசறதா இருக்கலாம், அத டாக்டர் தொட்டுப் பாக்கணும். மூணும் ஒண்ணுன்னு நினைச்சு "வலிக்குது டாக்டர்"னு மட்டும் சொன்னா ஒரு வலி மாத்திரையோட அனுப்பிடுவாங்க. எங்க, எப்போ, எப்படின்னு ஒரு நோட்டுல எழுதிட்டுப் போங்க. குளிர், தூக்கமின்மை, டென்ஷன், சில பேருக்கு ஒண்ணுக்கு போகும்போது கூட இது தூண்டிவிடும்.

அடுத்து கண்ணாடி. நம்ம சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்ச வி.எஸ். ராமச்சந்திரன் அமெரிக்கா போய் 1990கள்ல கண்டுபிடிச்ச முறை, செலவு ஒரு கண்ணாடி தான். பீரோ கண்ணாடி அளவுக்கு நீளமா ஒண்ணு எடுத்துக்கோங்க, கட்டில்ல கால நீட்டி உக்காந்து ரெண்டு காலுக்கும் நடுவுல நெடுக்கா நிறுத்துங்க, கண்ணாடி முகம் நல்ல கால் பக்கம் இருக்கணும், ஸ்டம்ப் பின்னாடி மறைஞ்சிருக்கணும். கொலுசு, மெட்டி, கைன்னா வாட்ச், மோதிரம் எல்லாம் கழட்டிடுங்க, இல்லன்னா மூளை நம்பாது. இப்போ கண்ணாடில பாத்தா போன கால் திரும்ப வந்த மாதிரி தெரியும். பாதத்த மெதுவா மேல கீழ அசைங்க, விரல மடக்கி விரிங்க, இல்லாத காலையும் கூடவே அசைக்கறதா நினைச்சுக்கிட்டே. தினம் 15 நிமிஷம், 4 வாரம் விடாம. 2007ல அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரில கால் இழந்தவங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, கண்ணாடி பாத்த குரூப்ல எல்லாருக்கும் வலி குறைஞ்சுது, ஆனா அது ரொம்ப சின்ன ஆய்வு, எல்லாருக்கும் கேரண்டின்னு எடுத்துக்காதீங்க. இன்னொண்ணு, முதல் தடவை ரெண்டு காலும் முழுசா தெரியறத பாத்ததும் அழுகை பொங்கிட்டு வரலாம், அந்த ஆய்வுலயும் அப்படி ஆகியிருக்கு. அதனால முதல் நாள் பக்கத்துல யாராவது இருக்கட்டும். ரெண்டு காலும் எடுத்தவங்களுக்கு இது சரிப்படாது.

கூடவே ஸ்டம்ப மெதுவா தட்டறது, முதல்ல பஞ்சு, அப்புறம் துணி, அப்புறம் சொரசொர டவல்னு தடவிப் பழக்கறது உதவும். மாத்திரைன்னா காபாபென்டின், ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின் மாதிரி ஏதாவது எழுதுவாங்க. இதுல அமிட்ரிப்டிலின்னு நெட்ல தேடினா "மன அழுத்த மாத்திரை"ன்னு வரும், உடனே "என்ன மனநோயாளின்னு நினைச்சுட்டாங்க"ன்னு நிறுத்திடாதீங்க, கம்மி டோஸ்ல அது நரம்பு வலிக்கு குடுக்கறது.

ஒரு எச்சரிக்கை. ராத்திரி அரைத்தூக்கத்துல கால் இருக்குன்னு நினைச்சு எந்திரிச்சு நின்னு விழறது ரொம்ப சாதாரணம். அந்த ஒரு விழுகைல தான் நடக்கவே பயம் ஒட்டிக்கும். கட்டில் பக்கத்துல க்ரட்ச், கைக்கு எட்டற சுவிட்ச், ராத்திரிக்கு ஒரு சின்ன லைட், இது மூணும் ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு வர்ற அன்னிக்கே ரெடியா இருக்கணும்.

படி 3: ஸ்டம்ப பாருங்க

கட்டு பிரிக்கும்போது மூஞ்ச திருப்பிக்கற ஆளுங்க நிறைய. வீட்லயும் லுங்கி போட்டு மூடியே வச்சிருப்பாங்க. இத அவசரப்படுத்தக் கூடாது, அதே சமயம் தள்ளிப் போட்டுக்கிட்டே போகவும் கூடாது, ஏன்னா தினம் ஸ்டம்ப பாத்து கழுவலன்னா புண் வந்தா தெரியாது, சர்க்கரை இருக்கவங்களுக்கு அது இன்னும் ஆபத்து. முதல்ல துணிக்கு மேல கை வைங்க. அப்புறம் துணி இல்லாம தொடுங்க, கண்ண மூடிக்கிட்டாலும் பரவால்ல. அப்புறம் சோப்பு போட்டு நீங்களே கழுவுங்க, எண்ணெய் தடவி நீவி விடுங்க (தையல் முழுசா ஆறின பிறகு, டாக்டர் சரின்னு சொன்னப்புறம்). அப்புறம் தான் ஆள் உயர கண்ணாடி. கடைசியா வீட்ல ஒருத்தருக்கு காட்டுங்க. யாருக்குன்னு நீங்க முடிவு பண்ணுங்க, சில பேருக்கு மனைவியோ புருஷனோ, சில பேருக்கு தம்பி. பார்க்க வர்ற சொந்தக்காரங்க எல்லாருக்கும் திறந்து காட்டணும்னு எந்த சட்டமும் இல்ல, அத்தை வந்து "எங்க காட்டு"ன்னா "ஆறட்டும் அத்தை"ன்னு சொல்லிடுங்க.

படி 4: மனசு சரியில்லன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி சாக்கெட்ட பாருங்க

இத நான் தனிப் படியா வைக்கறதுக்கு காரணம் இருக்கு. "எனக்கு எதுலயும் இஷ்டமே இல்ல, வெளிய போகவே பிடிக்கல"ன்னு சொல்ற பாதிப் பேர் கிட்ட கால கழட்டச் சொல்லிப் பாத்தா முழங்காலுக்கு கீழ சிவந்து தோல் உரிஞ்சிருக்கும். வலிக்கற கால மாட்டிக்கிட்டு எவன் வெளிய போவான்? போகாம வீட்ல உக்காந்தா மனசு கீழ போகும், மனசு கீழ போனா சென்டருக்கு போய் சரி பண்ணவும் தோணாது, அப்படியே கால் மூலைல சாத்தி வச்சது சாத்தி வச்சபடி இருக்கும்.

முதல் வருஷத்துல ஸ்டம்ப் சுருங்கிக்கிட்டே வரும், அது இயல்பு. சாக்கெட் லூஸ் ஆகும், உள்ள இடிக்கும். ஸ்டம்ப் சாக்ஸ் ஒண்ணு ரெண்டு கூட்டிப் போட்டுப் பாருங்க, காலைல ஒரு அளவு சாயங்காலம் ஒரு அளவு கூட ஆகும். அதுக்கு மேல லூஸ்னா சாக்கெட்டே மாத்தணும், அது நீங்க தப்பா நடந்ததால இல்ல. வெயில் காலத்துல லைனருக்குள்ள (ஸ்டம்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவுல போடற உறை) வேர்வை குளம் கட்டும், நடுவுல ஒரு தடவை கழட்டித் தொடைக்க இடம் வேணும், ஆபீஸ்ல அந்த இடம் எதுன்னு முதல் நாளே பாத்து வைங்க. நடந்த பிறகு வர்ற சிவப்பு பத்து இருபது நிமிஷத்துல மறையலன்னா அடுத்த நாள் கால மாட்டாம டெக்னீஷியனுக்கு போன் பண்ணுங்க.

அளவு குடுக்கும்போதே உங்க வாழ்க்கைய சொல்லுங்க, இது தான் நிறைய பேர் விடற இடம். தரைல சம்மணம் போட்டு சாப்பிடற வீடா, வெறுங்கால்ல நடக்கற வீடா, வயல்ல சேத்துல இறங்கணுமா, பாத்ரூம் இந்தியன் டைப்பா. 1968ல ஜெய்ப்பூர்ல ராம் சந்திர சர்மாங்கற கைவினைக் கலைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து ஜெய்ப்பூர் கால பண்ணதே இதுக்காகத் தான், மேல்நாட்டுக் கால் ஷூ போட்டு நடக்க பண்ணது, நம்மாளுக்கு குத்த வைக்கணும், வெறுங்கால்ல நடக்கணும். 1975லேர்ந்து பகவான் மகாவீர் விக்லாங் சஹாயதா சமிதி அத இலவசமா குடுத்துட்டு வர்றாங்க. நீங்க எந்தக் கால் வாங்கினாலும் பரவால்ல, செருப்பக் கழட்டினா இது நிக்குமா, கோயில் பிரகாரத்துல வெறுங்கால்ல நடக்கலாமான்னு கேட்டு வாங்குங்க. சில பாதம் ஒரு குறிப்பிட்ட ஹீல் உயரத்துக்கு தான் சரியா நிக்கும், செருப்பக் கழட்டினா பின்னாடி சாயும். இது தெரியாம கோயிலுக்கு போறதையே நிறுத்தினவங்க இருக்காங்க, சாமி மேல கோவம்னு வீட்ல நினைச்சுட்டு இருப்பாங்க.

கால் வந்த அன்னிக்கு ஒரு ஏமாற்றம் வரும், அதையும் இங்கயே சொல்லிடறேன். மாசக்கணக்கா அந்த ஒரு நாளுக்காக காத்திருப்போம், மாட்டினதும் கனமா, கட்டையா, வேற யாரோட காலையோ இழுத்துட்டு போற மாதிரி இருக்கும். அது எல்லாருக்கும் அப்படித் தான், முழங்காலுக்கு மேல எடுத்தவங்களுக்கு இன்னும் அதிகம், அவங்களுக்கு நடக்க செலவாகற தெம்பே கூட. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துல ஆரம்பிச்சு கூட்டிட்டுப் போங்க.

கை எடுத்தவங்களுக்கு

கை வேற கதை, கால் மாதிரி கணக்கு போடாதீங்க. செயற்கைக் கால் இல்லாம நடக்கறது கஷ்டம், ஆனா செயற்கைக் கை இல்லாமலே ஒரு கையால நிறைய பண்ணிடலாம், அதனால கைய வாங்கி வச்சுட்டு பயன்படுத்தாம விடறவங்க உலகம் முழுக்கவே அதிகம். அது தோல்வி இல்ல. வேலைக்கு கொக்கி மாதிரி ஒண்ணு, கல்யாண வீட்டுக்கு பாக்க கை மாதிரி ஒண்ணு, வீட்ல ஒண்ணுமே வேண்டாம்னு வச்சிருக்கறவங்களும் உண்டு, அது அவங்கவங்க இஷ்டம்.

நம்ம ஊர்ல இதுல இன்னொரு முள் இருக்கு: வலது கை போனா இடது கையால சாப்பிடணும். பந்தில உக்காந்து இடது கையால பிசைஞ்சு சாப்பிடும்போது எதிர்ல இருக்கவங்க பாக்கற பார்வை, கடைல இடது கையால காச நீட்டினா வாங்காம மேஜைல வைக்கச் சொல்றது, திருநீறு வாங்கறது, மொய் எழுதறது. இதனாலயே விசேஷங்களுக்கு போறத விட்டவங்க நிறைய. செய்யறதுக்கு ரெண்டு வழி தான் உருப்படியா பாத்தேன். ஒண்ணு, வீட்ல எல்லாரும் இருக்கும்போதே இடது கையால சாப்பிட்டுப் பழகறது, தனியா ரூம்ல உக்காந்து இல்ல. வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் "இனி இது தான் அவன் சோத்துக் கை"ன்னு வாய்விட்டு ஒரு தடவை சொல்லிட்டா மத்தவங்க அடங்கிடுவாங்க. ரெண்டு, வெளி இடத்துல விளக்கம் குடுக்காம நீட்டிடறது. விளக்கம் குடுக்கக் குடுக்கத் தான் எதிராளிக்கு அது ஒரு விஷயமாத் தெரியும்.

படி 5: துக்கமா, டிப்ரஷனா?

கால் போனதுக்கு அழறது நோய் இல்ல. ஆனா எங்கயோ ஒரு இடத்துல அது நோயா மாறும், அந்த இடத்த கண்டுபிடிக்க டாக்டர்களே பயன்படுத்தற ரெண்டு கேள்வி இருக்கு. கடந்த 2 வாரத்துல, எதுலயும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாம இருந்துச்சா? மனசு சோர்ந்து, நம்பிக்கை இல்லாம இருந்துச்சா? ஒவ்வொண்ணுக்கும் இல்லவே இல்லன்னா 0, சில நாள்னா 1, பாதி நாளுக்கு மேலன்னா 2, ஏறக்குறைய தினமும்னா 3. ரெண்டையும் கூட்டினா 3 அல்லது அதுக்கு மேல வந்தா டாக்டர பாக்கணும். இந்த ரெண்டு கேள்வி நம்மளுக்கு ஏன் பொருத்தம்னா, தூக்கம் இல்ல, சோர்வு, பசி இல்லன்னு மத்த அறிகுறிகள கேட்டா அதெல்லாம் புண்ணாலயும் வரும், மருந்தாலயும் வரும், சர்க்கரையாலயும் வரும். மனசு செத்துப் போறது புண்ணால வராது.

ஆக்ஸிடென்ட்ல போனவங்களுக்கு தனியா ஒண்ணு. ஏர் ஹார்ன் கேட்டா உடம்பு தூக்கிப் போடுதா, அந்த ரோட்டு வழியா பஸ்ல கூட போக முடியலையா, கனவுல அதே காட்சி ஓடுதா? ஒரு மாசத்துக்கு மேல இப்படி இருந்தா அது விபத்துக்கு அப்புறம் வர்ற மன அதிர்ச்சி, பிடிஎஸ்டி. அதுக்கு தனி சிகிச்சை இருக்கு, தானா போயிடும்னு வருஷக்கணக்கா காத்திருக்க வேண்டாம்.

எங்க போறது? உங்க மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிலயோ மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிலயோ மனநல ஓபி இருக்கும், மாவட்ட மனநலத் திட்டத்துல டாக்டர் இருப்பாங்க, காசு இல்ல. வேலூர் சிஎம்சியோட பாகாயம் மறுவாழ்வு மையம், சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை மாதிரி இடங்களுக்கு கால் வேலையா போறவங்க அங்கயே "மனசும் சரியில்ல"ன்னு சொல்லுங்க, சொன்னா தான் வழி காட்டுவாங்க, உங்க மூஞ்சிய பாத்து யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. மாத்திரை எழுதினா வேலை செய்ய சில வாரம் ஆகும், நாலு நாள்ல ஒண்ணும் ஆகலன்னு நிறுத்தாதீங்க, நல்லாருக்குன்னும் திடீர்னு நிறுத்தாதீங்க.

வெளிய போக முடியலன்னா போன். 14416, டெலி மானஸ், 2022 அக்டோபர்லேர்ந்து மத்திய அரசு நடத்தறது, 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம், காசு இல்ல. சென்னை சிநேகா 1986லேர்ந்து தற்கொலை எண்ணம் வர்றவங்களுக்காகவே இருக்கற அமைப்பு, 044-24640050. இலங்கைல இருக்கவங்க 1926.

"இருந்து என்ன பண்ணப் போறோம்"னு வாயில வந்தா வீட்ல இருக்கவங்க அத புலம்பல்னு விடாதீங்க, நேரா கேளுங்க, "சாகணும்னு தோணுதா"ன்னே கேளுங்க, கேட்டா எண்ணம் வந்துடும்னு ஒண்ணும் இல்ல. வீட்ல பூச்சி மருந்து, மிச்சம் கிடக்கற வலி மாத்திரை, இன்சுலின் எல்லாம் வேற ஒருத்தர் கைக்கு மாறணும், அன்னிக்கே. போலீஸ் கேஸ் ஆகும்னு பயந்து ஆஸ்பத்திரிக்கு போகாம இருக்காதீங்க, 2017 மனநல பராமரிப்புச் சட்டப்படி தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னு தான் எடுத்துக்கணும், தண்டனை குடுக்கக் கூடாது.

அப்புறம் குடி. வலிக்குன்னு ஆரம்பிச்சு தூக்கத்துக்குன்னு தொடர்றது. கால் மாட்டிக்கிட்டு போதைல நடந்தா விழறது உறுதி, மேல சொன்ன நரம்பு மாத்திரையோட சேர்ந்தா மூச்சே மந்தமாகும். இத டாக்டர் கிட்ட மறைக்காதீங்க.

படி 6: வீடு

அன்பால தான் வீட்ல பாதி பிரச்சனை. அம்மா முட்டிக்கு கீழ தலகாணி வச்சு விடுவாங்க, சொகமா இருக்கட்டும்னு, அதனால முட்டி மடங்கியே இறுகிப் போயி அப்புறம் கால் மாட்டறதே கஷ்டமாகும். தண்ணி சொம்ப கைல கொண்டு வந்து குடுப்பாங்க. எந்திரிச்சா மூணு பேர் ஓடி வருவாங்க. ஆறு மாசம் இப்படி இருந்தா ஆளு தன்ன ஒரு மூட்டையாத் தான் நினைப்பான்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்ல இது இப்படித் தீர்ந்துச்சு. அவர் கடை வச்சிருந்தவர், முழங்காலுக்கு மேல எடுத்தது. ஒரு நாள் மனைவி கிட்ட, "நான் கூப்பிட்டா மட்டும் வா. கூப்பிடலன்னா நான் விழுந்தாலும் பத்து எண்ணிட்டு வா"ன்னார். அந்தம்மா "ஏங்க, நீங்க கீழ கெடக்கறத பாத்துக்கிட்டு நான் ஒண்ணு ரெண்டு எண்ணணுமா"ன்னு அழுதாங்க. "எண்ணு. நான் எந்திரிக்கறேனான்னு எனக்கே தெரிய வேணாமா"ன்னார். இப்போ ரெண்டு பேரும் சேர்ந்து தான் கடை திறக்கறாங்க. இது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது, தலை சுத்தல், இதய நோய் இருக்கவங்க கிட்ட இத முயற்சி பண்ணக் கூடாது, ஆனா எப்போ உதவணும்னு வாய்விட்டுப் பேசி ஒரு ஒப்பந்தம் பண்ணிக்கறது எல்லா வீட்லயும் நடக்கணும். கூடவே வீட்டு வேலைல ஒண்ணு முழுசா உங்க பொறுப்பாகட்டும், காய் நறுக்கறதோ கரண்ட் பில்லோ பிள்ளைக்கு கணக்கு சொல்லித் தர்றதோ.

படுக்கை விஷயம். டாக்டரும் கேக்க மாட்டார், நாமளும் சொல்ல மாட்டோம், ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துட்டு "அவளுக்கு அருவருப்பா இருக்கும்"னு இவரும் "அவருக்கு வலிக்கும்"னு அவங்களும் நினைச்சுக்கிட்டு மாசங்கள் போகும். யாராவது ஒருத்தர் வாயத் திறக்கணும். கால கழட்டிட்டா, மாட்டிக்கிட்டா, லைட் வேணுமா வேண்டாமா, எந்தப் பக்கம் தலகாணி வச்சா ஸ்டம்ப் அழுந்தாது, இதெல்லாம் பேசித் தான் கண்டுபிடிக்கணும், வெக்கப்பட்டா நடக்காது. ஆண்களுக்கு விறைப்புப் பிரச்சனை வந்தா அது மனசு மட்டும் இல்ல, சர்க்கரையால இருக்கலாம், மன அழுத்த மாத்திரையால இருக்கலாம், டாக்டர் கிட்ட சொன்னா மாத்தித் தருவார்.

சின்னப் பிள்ளைங்க தான் ஈசி. "கால் எங்க போச்சுப்பா"ன்னு கேக்கும், உள்ளத சொல்லிட்டா அடுத்த நிமிஷம் செயற்கைக் கால தட்டிப் பாத்து விளையாடும்.

படி 7: வெளி ஆளுங்க

பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் ஆரம்பிப்பார், "என்ன தம்பி, சர்க்கரையா, ஆக்ஸிடென்ட்டா?" கதைய முழுசா கேட்டுட்டு கடைசில "ச்ச, பாவம்"னு ஒரு உச். இத தினம் ஒருத்தர் கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தா தினம் ஒரு தடவை கால் போகுது. அதனால பதில முன்கூட்டியே தயார் பண்ணி வாய்ல வச்சுக்கோங்க. பேச இஷ்டமில்லாத நாளுக்கு "ஆக்ஸிடென்ட் அண்ணே, இப்போ நல்லாருக்கேன்"னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிடறது. தொடர்ந்து நோண்டினா "அத விடுங்க, நீங்க எங்க இறங்கணும்". அசிங்கமா பேசினா அது வேற, பொது இடத்துல மாற்றுத்திறனாளிய வேணும்னே அவமானப்படுத்தினா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 92ஆம் பிரிவுல 6 மாசத்துலேர்ந்து 5 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. கேஸ் போடறீங்களோ இல்லையோ, இப்படி ஒரு பிரிவு இருக்குன்னு தெரிஞ்சு நிக்கறதே ஒரு தெம்பு.

அடுத்தது உதாரணம் காட்டற கூட்டம். "சுதா சந்திரன் கால் போயும் பரதநாட்டியம் ஆடலையா? அருணிமா சின்ஹா எவரெஸ்ட்டே ஏறிட்டாங்க, நீ மாடிப்படி ஏற அழற?" சுதா சந்திரனுக்கு 1981ல நம்ம திருச்சி பக்கம் நடந்த பஸ் விபத்துக்கு அப்புறம் கால் போச்சு, 1984ல ஜெய்ப்பூர் காலோட மேடை ஏறினாங்க. அருணிமா 2011ல ரயில்லேர்ந்து தள்ளிவிடப்பட்டு 2013ல எவரெஸ்ட் ஏறினாங்க. ரெண்டும் பெரிய விஷயம் தான், சந்தேகமே இல்ல. ஆனா அதே சுதா சந்திரன் 2021 அக்டோபர்ல ஒரு வீடியோ போட்டாங்க, ஏர்போர்ட் செக்கிங்ல ஒவ்வொரு தடவையும் கால கழட்டிக் காட்டச் சொல்றாங்க, வேதனையா இருக்குன்னு பிரதமருக்கே முறையிட்டு. பாதுகாப்புப் படை மன்னிப்பும் கேட்டுச்சு. அவ்ளோ பேர் வாங்கின, அவ்ளோ வருஷம் மேடைல ஆடின ஒருத்தருக்கே இன்னும் வலிக்குது, அத வெளிய சொல்றாங்க. யாராவது அவங்கள உதாரணம் காட்டினா இந்தப் பாதியையும் சொல்லுங்க.

படி 8: சர்டிஃபிகேட், வேலை, காசு

மனசு பத்தின வழிகாட்டில இது எதுக்குன்னு கேக்கலாம். கடன் நோட்டீஸ் வந்து கிடக்கும்போது எந்த கவுன்சலிங்கும் ஏறாது, அதுக்குத் தான்.

யூடிஐடி கார்டுக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு குடுக்கற அடையாள அட்டை) சீக்கிரம் அப்ளை பண்ணுங்க. அதுக்கு மெடிக்கல் போர்டு டாக்டர்கள் முன்னாடி நின்னு இத்தனை சதவீதம் ஊனம்னு எழுதி வாங்கற நாள் நிறைய பேருக்கு ஆபரேஷன் நாள விட மோசமா இருக்கும், தனியா போகாதீங்க, போயிட்டு வந்து அன்னிக்கு வேற வேலை எதுவும் வச்சுக்காதீங்க. 40 சதவீதமும் அதுக்கு மேலயும் இருந்தா தான் அரசு வேலைல 4 சதவீத இட ஒதுக்கீடு மாதிரி சலுகைகள். ஏற்கனவே அரசு வேலைல இருக்கவங்க கவனிங்க: பணில இருக்கும்போது ஊனம் ஆனா வேலைய விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாதுன்னு அதே 2016 சட்டம் 20ஆம் பிரிவு சொல்லுது, பழைய வேலை பாக்க முடியலன்னா அதே சம்பளத்துல வேற வேலை தரணும். "நீங்களே விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) எழுதிக் குடுத்துடுங்க"ன்னு யாராவது நைசா சொன்னா கையெழுத்து போடாதீங்க. தமிழ்நாட்ல மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல பக்கச் சக்கரம் வச்ச ஸ்கூட்டருக்கும் விண்ணப்பம் குடுக்கலாம், யாரையும் எதிர்பாக்காம தெருமுனை வரைக்கும் தானா போயிட்டு வர்றது என்ன பண்ணும்னு போய்ப் பாத்தா தெரியும்.

படி 9: நம்ம மாதிரி ஆளுங்க

லிம்ப் சென்டர் வெயிட்டிங் ஹால்ல போன நோண்டிக்கிட்டு உக்காராதீங்க, பக்கத்துல இருக்கவர் கிட்ட பேசுங்க, நம்பர் வாங்குங்க. எந்தக் கடைல ஸ்டம்ப் சாக்ஸ் கிடைக்கும்லேர்ந்து ராத்திரி வர்ற அழுகை வரைக்கும் அங்க தான் பேச முடியும். இலங்கைல போர்லயும் கண்ணிவெடிலயும் கால் இழந்த நம்ம சனங்களுக்கு யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் இருக்கு, அங்க கால் வாங்க வர்றவரும் கால் செஞ்சு குடுக்கறவரும் ஒரே வலிய கடந்தவங்களா இருக்கறது உண்டு. ஒரு ஜாக்கிரதை: குரூப்ல ஒப்பிட ஆரம்பிக்காதீங்க. அவர் மூணு மாசத்துல ஓடறார்னா அவர் வயசு வேற, எடுத்த இடம் வேற.

படி 10: எவ்ளோ நாள்? திரும்ப வருமா?

2004ல வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொல்றது, டிப்ரஷனும் பதட்டமும் முதல் 2 வருஷம் வரைக்கும் கூடுதலா இருக்கும், அப்புறம் பெரும்பாலும் மத்த ஜனங்க அளவுக்கு இறங்கிடும். ஆனா நேர்கோடா இறங்காது. ஸ்டம்ப்ல புண் வந்து ரெண்டு வாரம் கால மாட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்ற வாரம், கால் போன தேதி, நல்ல கால்ல வலி வர்ற காலம் (சர்க்கரைக்காரங்களுக்கு "இதுவும் போயிடுமோ"ன்னு உயிரே போகும்), புது சாக்கெட் மாத்தி திரும்ப நடக்கப் பழகற மாசம், இந்த நாலு சமயத்துலயும் கீழ இறங்கும். காலண்டர்ல குறிச்சு வைங்க, வீட்லயும் ஒருத்தருக்கு சொல்லி வைங்க, அந்த சமயத்துல அந்த ரெண்டு கேள்வியையும் திரும்பக் கேட்டுப் பாருங்க.

செயற்கைக் கால் பொதுவா 3லேர்ந்து 5 வருஷத்துல மாத்த வேண்டி வரும். புதுசு வந்ததும் பழசத் தூக்கிப் போடாதீங்க, பரண்ல வைங்க. புதுக் கால் ரிப்பேருக்கு போற வாரத்துல பழைய கால் கொஞ்சம் லூஸா இருந்தாலும் ரெண்டு சாக்ஸ் கூடப் போட்டு மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிடலாம், க்ரட்ச்சுக்கு திரும்பி வீட்ல முடங்க வேண்டாம்.